எண்ணெய் காயும் சத்தம்

“வாசத்தப் பாத்துக்கிட்டு நிக்காதீகக்கா, சத்தம் அடங்குனதும் இறக்கிருங்க.” விடியக் காலையில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மாரீஸ்வரி சொல்லிவிட்டுப் போன பேச்சு இது. அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தெருமுனை திரும்பிவிட்டாள். எட்டயபுரத்தில் அவள் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. சாப்பிட்டுவிட்டு மூணு மணி போல வந்துவிடுவாளாம். போனவள் போய்விட்டாள், பேச்சு மட்டும் போகாமல் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தது. இப்போது மணி பதினொன்று. செல்லக்கனி இருப்புச்சட்டியில் தேங்காயெண்ணெயை ஊற்றி, சூடேறியதும் அரைத்து வைத்த விழுதை அள்ளிப் போட்டாள். கருவேப்பிலை, ராத்திரியே ஊறப்போட்ட வெந்தயம், ரெண்டு கை சின்ன வெங்காயம், கொஞ்சம் சீரகம், சளி பிடிக்காமல் இருக்க நாலைந்து நல்லமிளகு. விழுது விழுந்ததுதான் தாமதம், எண்ணெய் சடசடவென்று பொரிந்துகொண்டு கிளம்பியது. ஒரு சொட்டு மணிக்கட்டில் தெறித்தது. ஸ்ஸ் என்று கையை உதறினாள். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவள் அவள். அவளிடம் வந்து வாசம் பார்க்காதே என்று சொல்ல இந்தக் கோவில்பட்டியில் யாருக்கு வாய் வரும்? அதுவும் யார் சொல்வது, ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, அவளைவிடப் பதிமூணு வயசு இளையவள், சட்டியில் எது முதலில் எது பிறகு என்று இன்னமும் கேட்டுக் கேட்டுச் செய்கிறவள். எதற்குச் சொன்னாள்? சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாளா? இல்லை, எதையோ வைத்துக்கொண்டுதான் சொன்னாளா? தெரிந்துவிட்டதோ? கரண்டியால் அடியைப் பிரட்டிவிட்டாள் செல்லக்கனி. அடி பிடிக்கக் கூடாது. அடி பிடித்தால் அவளுக்குத் தெரியாது. அதுதானே விஷயமே.

விஷயம் இதுதான். செல்லக்கனிக்கு வாசம் தெரியாமல் போய் ஆறு மாசம் ஆகிறது. மாசிக் கடைசியில் நாலு நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. எழுந்து காப்பி போட்டுக் குடித்தாள், வெந்நீர் குடித்தது போல இருந்தது. தூளில் கலப்படம் பண்ணிவிட்டான் என்று கடைக்காரனை ஒரு பாட்டம் திட்டினாள், பாவம் அவன். சாயங்காலம் சாமிக்கு ஊதுபத்தி கொளுத்தினாள். புகை வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. இன்னொரு பத்தியையும் கொளுத்திப் பார்த்தாள். சளி அடைத்திருக்கும், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு நல்லமிளகை ஊசியில் குத்தி விளக்குச் சுடரில் காட்டி அந்தப் புகையை மூக்கில் இழுத்தாள். சளிக்கு அதைப்போல மருந்து உண்டா? கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது, மூக்குத் தண்டு எரிந்தது, தும்மல் ஏழெட்டு வந்தது. எல்லாம் வந்தது, மிளகின் வாசம் மட்டும் வரவில்லை. ஓமத்தைக் கசக்கித் துணியில் முடிந்து முகர்ந்தாள். உள்ளே குளுகுளுவென்று ஏதோ போனது, அது ஓமம் என்று மூக்கு சொல்ல மாட்டேன் என்றது. கடைசியில் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளேயே விட்டாள். பெருங்காயம்! பக்கத்து வீட்டில் திறந்தால் இங்கே தெரியும். டப்பாவுக்குள் மூக்கை வைத்துக்கொண்டு நின்றவளுக்கு அது வெறும் டப்பாவாக இருந்தது. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தொண்டை வலி என்று பொய் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போய், போகிற போக்கில் கேட்பதுபோல இதையும் கேட்டாள். சில பேருக்குத் திரும்பி வரும்மா, சில பேருக்கு நாளாகும், பாப்போம் என்றார். பாப்போம் என்றால் என்ன அர்த்தம்? அவர் பாட்டுக்கு அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் ராஜாமணியிடம்கூடச் சொல்லவில்லை. ஆணியும் பெயிண்டும் விற்கிற மனுசனுக்கு டர்பன்டைன் தவிர வேறு வாசம் தெரியாது, அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு சாக்கு வைத்திருந்தாள். நிஜக் காரணம் பயம். இந்த வீட்டுக்கு அவள் கொண்டுவந்த சொத்தே மூக்குதான். பத்தாம் வகுப்பு தேறாதவள், பாட்டுத் தெரியாது, கோலத்தில் கோடு கோணிக்கொண்டு போகும். ஆனால் தெருவில் யார் வீட்டில் பருப்பு அடி பிடித்தாலும் வாசலில் நின்றே சொல்லுவாள். யார் பிள்ளைக்கு வயிறு உப்புசம் என்றாலும் பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவ, தலைவலி என்றால் சுக்கு உரசிப் பற்றுப்போட, முகத்தில் பரு என்றால் கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் கலந்து கொடுக்க, செல்லக்கனி அக்காவிடம்தான் வருவார்கள். அக்கா ஒரு தடவை முகர்ந்து பார்த்து, இது பழசு, இது போன வருஷத்துச் சரக்கு, இதைத் தூரப்போடு என்று சொன்னால் சொன்னதுதான். அந்த மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால்? பாவம் என்பார்கள். அந்தப் பாவம் அவளுக்கு வேண்டாம். அதைவிட, அடுப்படியை மாரீஸ்வரி எடுத்துக்கொள்வாள். இருங்கக்கா நான் பாத்துக்கிடுதேன், நீங்க போயி டிவி பாருங்க என்பாள். டிவி! நாற்பத்தேழு வயசில் தன்னைக் கூடத்தில் உட்கார்த்தி வைத்துவிட்டால், அப்புறம் இந்த வீட்டில் தனக்கு என்ன வேலை? சடசட சடசட என்று எண்ணெய் பேசிக்கொண்டே இருந்தது. இன்னும் ஈரம் நிறைய இருக்கிறது. ஈரம் இருக்கிறவரைக்கும் பேசும்.

பார்க்கப்போனால் இந்த ஆறு மாசமும் அவளைக் கரையேற்றியவை எல்லாம் இந்த அஞ்சறைப் பெட்டிக்குள் இருக்கிறவைதான். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடுகு இருக்கிறதே, அது மகராசி. எண்ணெய் காய்ந்ததை மூக்குக்குச் சொல்லாது, காதுக்குச் சொல்லும். மல்லி வறுக்கும்போது நிறத்தைக் காட்டும். வெந்தயம் சிவந்தால் கண்ணுக்குத் தெரியும். ரசம் பொங்குகிற பதம் நுரையில் தெரியும். சித்திரையில் ஒருநாள் கடைவாய்ப்பல் தாங்க முடியாமல் வலித்தபோது ஒரு கிராம்பை எடுத்துக் கடித்து அடக்கிக்கொண்டாள். கிராம்பின் வாசம் வராது என்று தெரியும், வரவும் இல்லை. ஆனால் ரெண்டே நிமிஷத்தில் ஈறு மரத்துப்போய், நாக்கு நுனி மரத்துப்போய், வலி கழன்று விழுந்தது. அடுப்படிப் பலகையில் உட்கார்ந்து அந்தக் கிராம்பைச் சப்பிக்கொண்டே, நீயாவது என்னை விட்டுப் போகவில்லையே என்று அதனிடம் வாய்விட்டுச் சொன்னாள். பைத்தியம்தான். சீனி டப்பாவில் நாலு கிராம்பு போட்டு வைத்திருக்கிறாள், எறும்பு அண்டாமல் இருக்க. வாசம் போய்விட்டதா இருக்கிறதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? டப்பாவைச் சுற்றி எறும்பு வருகிறதா என்று பார்ப்பாள். வரிசையாக வரும், டப்பா பக்கம் வந்ததும் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போகும். சரி, எறும்புக்குத் தெரிகிறது, அப்படியானால் கிராம்பு நல்ல கிராம்பு. அரிசி டப்பாவில் காய்ந்த மிளகாய் போட்டிருப்பதும் அப்படித்தான், வண்டு வரவில்லை, அப்படியானால் காரம் இருக்கிறது. தெருக்கோடியில் கடலைமிட்டாய் போடுகிறார்கள், பாகு காய்கிற வாசம் வந்தால் மணி பத்து என்று முன்னெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். இப்போது கடிகாரத்தைப் பார்க்கிறாள். பாகு பாட்டுக்குக் காய்கிறது. பயம் ஒன்றே ஒன்றில்தான், கேஸ். ராத்திரி ரெண்டு தரம் எழுந்து வந்து சிலிண்டர் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் எப்போது வந்து தொட்டாலும் அது ஏற்கெனவே மூடியிருக்கும். தானே மூடியிருப்போம், மறதி வேறு வந்து சேர்ந்துவிட்டது என்று ஒரு கவலை கூடிப்போனது.

வாசத்தப் பாத்துக்கிட்டு நிக்காதீகக்கா. ஏன் சொன்னாள்? வாயாடிதான் அவள். வந்த புதிதில் அப்படி இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது கேட்டால்தான் பதில் சொல்லுவாள், அதுவும் பாதிச் சொல் உள்ளேயே போய்விடும். வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, உதவி செய்கிறேன் என்று பிளாஸ்திரியை வெட்டி, பேனாவால் மிளகுப் பொடி, சீயக்காய், நலங்கு மாவு என்று எழுதி, அலமாரியில் இருந்த எவர்சில்வர் டப்பாக்களில் ஒட்டிவைத்தாள். செல்லக்கனி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த டப்பாக்கள் அவை, எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றிலும் ஒரே பெயர் வெட்டியிருக்கும், செ.கனி. குளியலறை ஓதம் அடித்துக் கிடப்பதால் குளிக்கிற பொடியும் குழம்புப் பொடியும் ஒரே தட்டில்தான் இருக்கும். அதில் இவள் போய் எழுதி ஒட்டியிருக்கிறாள். பார்த்ததும் செல்லக்கனிக்கு வந்ததே ஒரு கோபம். ஒவ்வொன்றாகப் பிய்த்தெறிந்துவிட்டு, “ஏட்டி, எழுதி ஒட்டிப் படிச்சுப் பாத்தா சமைப்ப? மூக்கு எதுக்கு இருக்கு, மூக்குத்தி போடவா?” என்றாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாரீஸ்வரியும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போனவள் சாப்பிட வெகுநேரம் வரவில்லை. மூக்கு எதுக்கு இருக்கு. நன்றாகத்தான் கேட்டாய் செல்லக்கனி, இப்போது சொல்லு, எதுக்கு இருக்கு? அப்படி வாய் திறக்காமல் இருந்த பெண் இந்தக் கொஞ்ச நாளாகத்தான் ஒரேயடியாக ரேடியோப் பெட்டியாகிவிட்டாள். காலையில் அடுப்படிக்குள் நுழையும்போதே, யப்பா என்ன பெருங்காயம் இவ்வளவு தூக்கலா என்பாள். பால் புளிச்ச வாடை வருதுக்கா, அது பழைய பாலு போல என்பாள். நெய்யி இந்தத் தடவ நல்லா மணக்கு. மல்லி வறுபட்டுட்டு, கூடத்து வரைக்கும் வாசம் வருது. என்னது, எங்கயோ தீஞ்ச மாதிரி இருக்கு, நம்ம அடுப்பா பக்கத்து வீடா? ஓயாத பேச்சு. செல்லக்கனிக்குப் பற்றிக்கொண்டு வரும். தன்னால் முடியாததை இவள் வாய் நிறைய அனுபவித்துச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறாள் என்று இருக்கும். ஒருநாள், “உனக்கு மட்டுந்தான் மூக்கு இருக்காட்டி?” என்று கேட்டே விட்டாள். மாரீஸ்வரி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு, “ஆமா, நீளமா ஒண்ணு இருக்கு, தொங்குது பாருங்க” என்று மூக்கைப் பிடித்துக் காட்டிவிட்டுப் போனாள். மறுநாளும் பேச்சு நிற்கவில்லை.

சத்தம் கொஞ்சம் மாறியிருந்தது. முன்னே சடசடவென்று வாயடித்தது இப்போது சொரசொரவென்று இறங்கி வந்தது. செல்லக்கனி தீயைக் குறைத்தாள். இருப்புச்சட்டியில் எண்ணெய் கறுப்பாகத்தான் தெரியும், நிறத்தை நம்ப முடியாது. முன்னெல்லாம் இந்த இடத்தில்தான் மூக்கு வேலை செய்யும். பச்சை வாடை போய், வெந்தயம் லேசாக வறுபட்ட மணம் எழும்பும், அது எழும்பி ஒரு நிமிஷம் கழித்து இறக்க வேண்டும். விட்டால் கருகிவிடும். கருகின எண்ணெயை யார் தலையில் வைப்பார்கள்? மாரீஸ்வரி எப்படியும் வைக்க மாட்டாள். வந்த நாளிலிருந்து கடை எண்ணெய்தான் தேய்க்கிறாள். அக்கா எண்ணெய் எனக்குச் சேராது, தும்மல் வருது என்பாள். அதிலும் செல்லக்கனிக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எத்தனை மனத்தாங்கல், ஒன்றா ரெண்டா. சித்திரையில் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் யாரிடமும் கேட்காமல் சீயக்காய் டப்பாவையும் நலங்கு மாவு டப்பாவையும் தூக்கித் தன் அறைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். என்னட்டி இது என்றால், காலைல புள்ளைக்குப் பள்ளிக்கூட அவசரம்க்கா, அடுப்படிக்கும் அங்கயும் ஓட முடியல என்றாள். தன் சீர் டப்பாவைத் தன் கண் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போகிறாளே என்று செல்லக்கனிக்கு ரெண்டு நாள் தூக்கம் வரவில்லை. இன்றைக்கு டப்பா, நாளைக்கு அடுப்படி. அந்தக் கொடை நாளிலாவது கொஞ்சமா செய்தாள்? அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ராஜாமணியின் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள், கூடம் நிறைய ஆள். சாமிக்குப் படையல் போட மிளகுக்குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பாசிப்பருப்புப் பாயசம். படையல் சமையலில் உப்புக் காரம் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, சாமி முதலில் சாப்பிட வேண்டும். அதனால் என்ன, செல்லக்கனி வாசத்திலேயே உப்புச் சொல்லுவாள் என்று வீட்டில் பெருமை. இந்த வருஷம் வாசமும் இல்லை நாக்கும் கூடாது. கைக் கணக்கை நம்பி, முருகா என்று செய்து முடித்திருந்தாள். குழம்பு கொதித்து இறக்குகிற நேரம். மாரீஸ்வரி உள்ளே வந்தாள், சட்டிப் பக்கம் குனிந்தாள், நான் தூக்கிட்டுப் போறேன்க்கா என்று துணி பிடித்துத் தூக்கினாள், ரெண்டு அடி வைக்கவில்லை, மொத்தச் சட்டியையும் போட்டாள். கொதிக்கக் கொதிக்க இருந்த குழம்பு தரையெல்லாம் ஓடியது, அவள் இடது கால் மேலேயும்.

செல்லக்கனி என்ன சொன்னாள் அப்போது? இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் நினைவு அங்கேதான் போய் முட்டுகிறது. கால் வெந்துவிட்டதா என்று கேட்கவில்லை. நாலு பேர் கேட்க, “சாமி காரியத்துல இப்படித் தட்டிவிட்டியே மூதேவி, கையில என்ன வாதமா? ஒரு சட்டியத் தூக்கத் துப்பில்லாதவ எதுக்கு அடுப்படிக்குள்ள வார?” என்றாள். நாத்தனாரும் தன் பங்குக்கு ரெண்டு சொன்னாள். மாரீஸ்வரி யாரையும் உள்ளே வர விடாமல், வழுக்குது, வராதீக, வழுக்குது என்று சொல்லிக்கொண்டே அந்தக் காலோடு தானே குனிந்து துடைத்தாள், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தானே கழுவினாள். செல்லக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு அவசரமாகப் பருப்பை வைத்து, குழம்புக்குப் பதிலாக ஒரு சாம்பார் வைத்துப் படையலை ஒப்பேற்றினாள். மறுநாள் மாரீஸ்வரி தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டு நொண்டினாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, பெருவிரலிலிருந்து கணுக்கால் வரைக்கும். வழுக்குது. குழம்பு எதற்கு அப்படி வழுக்க வேண்டும்? நல்லெண்ணெய் கூட ஊற்றியிருந்தேனோ என்று நினைத்தபடி செல்லக்கனி தரையைப் பார்த்தாள். அடுப்பு மேடைக்குக் கீழே, அவள் நிற்கிற இடத்துக்கு ரெண்டடி தள்ளி, சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு இடம் மட்டும் சுத்தமாக, அழுக்கு வாங்காத பழைய சிவப்போடு தெரிந்தது. முறத்தளவு இடம். சுற்றியுள்ள தரையெல்லாம் பிசுக்கேறிக் கறுத்துக் கிடக்க, அது மட்டும் பளபளவென்று. நாலு மாசமாக அதை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறாள். நல்லாத் தேய்த்திருக்கிறாள் என்று நினைத்ததோடு சரி. தேய்த்தாலா இப்படி வெளுக்கும்? அந்தத் தரையில் அவள் எத்தனை தடவை தேய்த்திருக்கிறாள், போனதா பிசுக்கு? புளித்தண்ணீர் பட்டிருக்கும், புளி பட்டால் வெளுக்கும். புளி மட்டும் பட்டால் வழுக்குமா? நுரை. அன்றைக்குக் குழம்பு நுரை கட்டியது. ஓரத்தில் பொங்கப் பொங்க நுரைத்தது, ரசம் மாதிரி நுரைக்கிறதே, பொடி புதுப்பொடி போல என்று நினைத்துக்கொண்டே அள்ளி விட்டாள். மிளகுப் பொடிக்கு ஏது நுரை? அய்யோ. கொடைக்கென்று முந்தின நாள்தான் அலமாரியை இறக்கித் துடைத்து, டப்பாக்களைத் தன் கையாலேயே மறுபடி அடுக்கினாள். எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றிலும் செ.கனி. மிளகுப் பொடியும் மண் நிறம், சீயக்காய்ப் பொடியும் மண் நிறம். எழுதி ஒட்ட மூக்கில்லாதவளா நான்?

கரண்டி கையிலேயே இருந்தது. சீயக்காய்க் குழம்பைச் சாமிக்கு வைத்திருப்பாள். நாத்தனார் இலையில் ஊற்றியிருப்பாள். முதல் வாயிலேயே அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும், அத்தனை பேர் முன்னாலும் அவளுடைய மூக்கு செத்துப்போனது அம்பலமாகியிருக்கும். அதற்குமுன் ஒருத்தி உள்ளே வந்தாள். குனிந்தாள். முகர்ந்தாள். முகர்ந்ததும் எல்லாம் தெரிந்துபோயிருக்கும் அவளுக்கு, பொடி மாறினது மட்டும் இல்லை, பொடி மாறினது அக்காவுக்கு ஏன் தெரியவில்லை என்பதும். ஒரு மூச்சு நேரம் இருந்திருக்குமா யோசிக்க? சட்டியைத் தூக்கித் தன் கால்மேல் போட்டுக்கொண்டாள். மூதேவிப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் நொண்டி நொண்டி வந்து ரெண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனாள், அதுவும் பள்ளிக்கூட அவசரம் என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு. அதற்குப் பிறகுதானே, ஆமாம், சரியாக அதற்குப் பிறகுதானே அந்தப் பேச்சு ஆரம்பித்தது. பால் புளிச்சிருக்குக்கா. மல்லி வறுபட்டுட்டுக்கா. எங்கயோ தீயுதுக்கா. அது வாயாடல் இல்லை. ஆறு மாசத்தில் நாலு மாசம் இந்த வீட்டில் ஒருத்தி நாள் முழுக்கத் தன் மூக்கை வாயால் எடுத்து நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள், வாங்கிக்கொள்கிறவளுக்கு வாங்குகிறோம் என்றுகூடத் தெரியாமல். ராத்திரி சிலிண்டரை மூடியதும் அவளாகத்தான் இருக்கும். மறதி இல்லை, மறதி இல்லை. மாரி, நீ நல்லா இருக்கணும்டி. உன் பிள்ளையும் நீயும் மகராசியா இருக்கணும். செல்லக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்தது. நன்றி என்று யாரும் யாருக்கும் சொல்லுகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது, அந்தச் சொல்லை வாயில் வைத்தால் பள்ளிக்கூட விழாவில் பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் நெஞ்சு நிறைய அதுதான் இருந்தது. எப்படிச் சொல்வது? சாயங்காலம் பிளாஸ்திரி வாங்கிவரச் சொல்ல வேண்டும், பேனாவும். அவள் கையாலேயே எழுதி ஒட்டட்டும். அது போதுமா? போதாது. அப்போதுதான் அடுப்படி இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று பட்டது அவளுக்கு. எங்கோ ஒரு காகம் கரைந்தது கேட்டது. எண்ணெயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பதறிப்போய் அடுப்பை அணைத்தாள், துணியைப் பிடித்துச் சட்டியை இறக்கிவைத்தாள். இப்போதுதான் அடங்கியதா, அடங்கி வெகுநேரம் ஆயிற்றா? குனிந்து பார்த்தாள். முகத்தில் சூடு அடித்தது. சூடு மட்டும்தான்.

வெளிக்கதவு கிரீச்சென்றது. “அக்கா!” என்று கூப்பிட்டுக்கொண்டே வேர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தாள் மாரீஸ்வரி. தலையில் வைத்த பூகூட வாடவில்லை. வந்தவள் முதலில் அடுப்பைப் பார்த்தாள், பிறகு கீழே சிலிண்டரை, அப்புறம்தான் செல்லக்கனியை. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

“இறக்கிட்டீகளாக்கா?”

“இறக்கிட்டேன். என்னட்டி, பந்தி போடுறதுக்குள்ள வந்துட்ட? புள்ள எங்க?”

“அவ அங்கன இருக்கா. சாயங்காலம் அண்ணன் கொண்டாந்து விட்டுரும். ஒரே கூட்டம்க்கா, எனக்குத் தலவலி.” சொல்லிக்கொண்டே பையை எங்கே வைப்பது என்று தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

சொந்த அண்ணன் பிள்ளை காதுகுத்து. மாமன் வீட்டுச் சீர், ஆட்டுக்கறிச் சாப்பாடு, வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற அக்கா தங்கச்சிகள். அத்தனையையும் விட்டுவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு சட்டி எண்ணெய்க்காக வந்திருக்கிறாள். செல்லக்கனியின் கண் தானாக அவள் இடது காலுக்குப் போனது. கறுத்துச் சுருங்கின தழும்பு. சேலைக் கரையை இழுத்து அதை மூடிக்கொண்டாள் மாரீஸ்வரி.

“மாரி, இங்க வா.”

வந்தாள்.

“இது எப்படி வாசம் அடிக்குன்னு சொல்லு.”

மாரீஸ்வரி பையைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஏதாவது கேலி சொல்லித் தப்பித்துவிடலாமா என்று பார்க்கிறாள் என்பது தெரிந்தது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று செல்லக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியலட்டி. மாசியில இருந்து ஒண்ணுமே தெரியல. நீ சொல்லு.”

ஆறு மாசமாக வாய்க்குள்ளேயே கிடந்த சொல். சொல்லி முடித்ததும் கூரை இடிந்து விழவில்லை. மாரீஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்காமலே குனிந்தாள், சட்டிமேல் முகத்தைக் காட்டி ஆழமாக இழுத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

“மொதல்ல வெந்தயம் வருதுக்கா. நல்லா வறுபட்டு, லேசா ஒரு கசப்பு. அதுக்குப் பின்னாடி கருவேப்பில, பச்ச வாட ஒண்ணுமில்ல, முறுமுறுன்னு பொரிஞ்ச மாதிரி. வெங்காயம் இனிச்சுக்கிட்டு அடியில கிடக்கு. மிளகு கடைசியா, மூக்குல ஏறுது.”

“கருகலயே?”

“கருகல. பதமா இறக்கிருக்கீக.” இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். “ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“உங்க எண்ணெய் எப்பவுமே நாத்தந்தான்க்கா.”

செல்லக்கனிக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் வந்த சிரிப்பில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷப் பெருமை! மாரீஸ்வரியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் செல்லக்கனி தட்டை எடுத்துவைத்துச் சோற்றைப் போட்டாள். உட்காருட்டி, பட்டினியா வந்திருக்க என்று அவளைப் பலகையில் உட்கார்த்தினாள். குழம்புக் கரண்டியைக் கையில் எடுத்தவள், ஊற்றாமல் அப்படியே நின்றாள்.

“இன்னொருக்கச் சொல்லு மாரி,” என்றாள். “வெந்தயத்துல இருந்து.”